ஏழாவது பிரஸ்

சூரியனுக்குக்கூட வேலைக்கு வர ஒரு நேரம் உண்டு. டப்பா மூடி அடிக்கும் அந்தக் கொட்டகைக்கு அதுவும் கிடையாது. வானம் வெளுக்குமுன் குழல்விளக்குகள் எரிந்து, மோட்டார் உறுமி, முதல் அடி விழுந்துவிடும். விழுந்தால் பிறகு நிற்காது. தகட்டை நீட்டு, காலால் மிதி, இரும்பு இறங்கும், மூடி உதிரும், தகட்டை நகர்த்து, மறுபடி மிதி. எண்ணெயும் சூடும் கலந்த ஒரு வாடை காலையில் மூக்கில் ஏறி, மத்தியானம் சோற்றில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். தகட்டின் ஓரம் பிளேடு மாதிரி. கையுறை தருவார்கள். புதுக் கையுறை தகட்டில் வழுக்கும். பழையதில் விரல் இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை இருக்கும். ஆகவே எல்லோரும் வெறுங்கையோடுதான் இரும்புக்கு அடியில் வியாபாரம் செய்தார்கள்.

முதல் வரிசையில் ஆறு பிரஸ், ஏழு பெண்கள். இந்த ஒரு கணக்குதான் முதலாளியின் தூக்கத்தைக் கெடுத்தது.

ஏழாவது பெண் என்ன செய்கிறாள் என்று மேஸ்திரியைக் கேட்டால், கழிவுத் தகட்டை அள்ளுகிறாள் என்பார். பெண்களைக் கேட்டால் சிரிப்பார்கள். அவளுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கண்’. தினம் ஒருத்தி முறை. கழிவை அள்ளுகிற மாதிரி குனிவாள், நிமிர்வாள். பார்வை மட்டும் ஆறு முகங்களின் மேல் நடந்துகொண்டே இருக்கும்.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் மூளைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கூட்டமில்லாத மத்தியானத்தில் கடையைத் திறந்து போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும் வியாபாரியைப்போல, அதுவும் போய்விடும். கை நகரும், கால் மிதிக்கும், கண் திறந்தே இருக்கும். உள்ளே ஆள் இருக்காது. அந்த முகத்தை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இமை அடிப்பது குறையும். கீழுதடு லேசாகத் தொங்கும். கழுத்து ஒரு பக்கம் சாயும். ‘கடை காலி’ என்பார்கள் அதை. கடை காலியான முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், கண்ணாக நிற்பவள் கையிலிருக்கும் ஸ்பானரால், வரிசை நெடுக இடது கால்களை ஊன்றியிருக்கும் இரும்புச் சட்டத்தில் ஒரு தட்டு தட்டுவாள். அந்த இரைச்சலில் காதுக்கு ஒன்றும் கேட்காது. பாதத்துக்குக் கேட்கும். கேட்டதும் ஆறு பேரும் இரண்டு கைகளையும் தோளுயரம் தூக்கிவிடுவார்கள். யாருடைய கடை காலி என்று விசாரிக்கிற வேலை அப்புறம். முதலில் கை மேலே.

பல வருஷமாக அந்த வரிசையில் ஒரு விரல்கூடப் போனதில்லை. எதிர் வரிசையும் பார்த்துப் பழகிக்கொண்டது. முதலாளி அதைத் தன் பிரஸ்களின் தரம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு ஏழாவது பிரஸ் வந்தது.

கழிவு தானாகச் சரிந்து விழுவதற்குத் தகரத்தில் ஒரு சரிவும் வந்தது. அன்று முதலாளியே கொட்டகைக்குள் வந்து நின்றார்.

“சும்மா நிக்கிறவளுக்குச் சம்பளம் குடுக்க நான் என்ன சத்திரமா நடத்துறேன்? எல்லாரும் உக்காருங்க.”

அன்று கண்ணாக நின்றவள் நெட்டையக்கா. வரிசையிலேயே உயரமானவள்; நின்றால் எல்லா முகமும் தெரியும் என்பதால் மற்றவர்கள் தங்கள் முறையைக்கூடப் பல நாள் அவளுக்கு விட்டுக்கொடுப்பார்கள். பக்கத்திலிருந்த ரேடியோதான் பேசினாள். வாய் மூடாத காரணத்தால் வந்த பெயர் அது.

“நிக்கறவ சும்மா நிக்கலீங்க. பாத்துக்கிட்டு நிக்கறா.”

“பாக்கறதுக்குச் சம்பளமா? நானுந்தான் தினம் உங்களை எல்லாம் பாக்கறேன்” என்றார் மேஸ்திரி.

“நீங்க எங்களைப் பாக்கறதும் அவ பாக்கறதும் ஒண்ணாண்ணே?”

வரிசை சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. கீழே கிடந்த ஸ்பானரை எடுத்து, சாமான் தரையில் கிடக்கக்கூடாது என்று மேஸ்திரியிடம் கொடுத்து, அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். நெட்டையக்கா ஏழாவது பிரஸ்ஸில் உட்கார்ந்தாள்.

*

மூன்றாவது பிரஸ்ஸில் இருந்தவள் நெட்டையக்காவின் நாத்தனார். புருஷன் விட்டுவிட்டுப் போனபின் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். ஒரே அறையில் இரண்டு பேரும் ஒரு அடுப்புக்காகவும் ஒரு குடம் தண்ணீருக்காகவும் தினம் ஒரு சண்டை பாக்கி வைத்துக்கொள்வார்கள். அண்ணன்காரன் மூட்டை தூக்கி முதுகு போய்ப் படுத்திருந்ததால், வீட்டில் வேகிற சோறு இந்த இரண்டு பேருடைய கையிலிருந்துதான் வந்தது. சண்டை போட்டுக்கொண்டே ஒன்றாக வேலைக்கு நடப்பார்கள். கொட்டகை வாசலில் சண்டையைச் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுப் போவதாக ரேடியோ சொல்வாள். அது பொய். செருப்பைக் கழற்ற மாட்டார்கள். தரை முழுக்கத் தகட்டுச் சில்லு.

அந்த ரப்பர் செருப்புதான் பின்னால் நெட்டையக்காவின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஏழாவது பிரஸ் வந்த அதே வாரம். காலை வெயில் கூரை ஓட்டை வழியாகக் காசு காசாக விழுந்துகொண்டிருந்தது. நெட்டையக்கா தகட்டை நகர்த்தும்போது, பழக்கத்தில், வரிசையை ஒரு நோட்டம் விட்டாள். நாத்தனாரின் இமை அடிக்கவில்லை. கீழுதடு தொங்கியது. கழுத்து சாய்ந்தது.

கடை காலி.

நெட்டையக்காவின் கை அப்போது அவளுடைய அச்சுக்குள் இருந்தது. கால் பாதி மிதியில். முதலில் தன் கையை வெளியே எடுக்கவேண்டும். எடுத்தாள். பிறகு ஸ்பானர். கை தானாகத் தரைக்குப் போனது. தரையில் ஸ்பானர் இல்லை. இல்லை என்பது மூளைக்கு எட்டி, பூட்டின அலமாரி ஞாபகம் வந்து, வேறென்ன என்று தேடி, காலைத் தூக்கி இரும்புச் சட்டத்தில் ஓங்கி ஒரு உதை விட்டாள். ரப்பர் செருப்பு. பொத்தென்றது. தலையணையைத் தட்டின மாதிரி. ஒரு பாதத்துக்கும் அது போய்ச் சேரவில்லை. வாயைத் திறந்து கத்தினாள். அதை இரும்பின் இரைச்சல் விழுங்கியது.

இதெல்லாம் சொல்லத்தான் இவ்வளவு நேரம். நடந்தது ஒரு இமை நேரம். இரும்புக்கு அதில் பாதி போதும்.

நாத்தனாரின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. நடுவில் இருந்த மூன்றையும் மூடிகளோடு கொசுறாக எடுத்துக்கொண்டது பிரஸ். அவள் உடனே அழவில்லை. கையைப் பார்த்தாள். பிறகு திரும்பி, சட்டத்தின் மறுகோடியில், கண் நிற்கும் இடத்தைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் அவள் சொன்ன முதல் பேச்சு, “அண்ணி, இனிமே என்னைப் பாத்திரம் தேய்க்கச் சொல்ல மாட்டீங்கல்ல?”

“வாயை மூடிட்டுப் படு.”

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள். “எனக்கே தெரிஞ்சுது அண்ணி. கண்ணு அப்படியே போகுது, போகுதுன்னு தெரிஞ்சுது. சரி, தட்டு வரும்னு இருந்தேன். எப்பவும் வருமில்ல. அது வரும், கையை எடுத்துக்கலாம்னு இருந்தேன்.”

நெட்டையக்கா போர்வையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள். நான் பார்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கண்ணாக நிற்க ஆள் உண்டு என்று அந்தக் கைக்கு இத்தனை வருஷம் பழகியிருந்தது. ஆளை எடுத்துவிட்டார்கள் என்பதைக் காதுக்குச் சொன்னார்கள். கைக்கு யாரும் சொல்லவில்லை.

*

முதலாளி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டினார். நாற்காலி கொடுக்கிற முதலாளியிடம் சரக்கு ஏதோ சரியில்லை என்று அர்த்தம். நெட்டையக்கா நின்றுகொண்டாள்.

“பாவம், உன் நாத்தனார். மனசே சரியில்லை எனக்கு” என்றார்.

“அவளுக்கும் சரியில்லை முதலாளி.”

“ஆஸ்பத்திரி செலவை நான் பாத்துக்கறேன். விசாரணைக்கு ஆள் வருவாங்க. நீ ஒண்ணே ஒண்ணு சொல்லணும். அவ அன்னைக்குக் கவனம் இல்லாம இருந்தான்னு. நீ அதே வரிசையில இருந்தவ. வீட்டு ஆளு வேற. நீ சொன்னா எடுபடும்.”

“அவ வேலை?”

“பிரஸ்ஸுல வலது கை இல்லாதவளுக்கு என்ன வேலை இருக்கு, நீயே சொல்லு.”

“என் வேலை?”

“உன்னை வரிசைக்குத் தலைவியா போடறேன். உக்கார வேண்டாம். நின்னுக்கிட்டே இருக்கலாம்.” சிரித்தார். “உனக்குத்தான் நிக்கப் பிடிக்குமே.”

நெட்டையக்கா ஒரு நிமிஷம் அந்தச் சரக்கை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீட்டில் படுத்திருக்கும் புருஷன், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நாத்தனார், இருப்பது இவள் ஒருத்தியின் கை. நல்ல விலைதான். விற்கச் சொன்ன சாமான் மட்டும் அவளுடையது இல்லை.

“கவனம் இல்லைதான் முதலாளி” என்றாள். “அலமாரியில வச்சுப் பூட்டினீங்களே, அதுக்குள்ளதான் இருக்கு.”

அவர் முகத்தில் கடை அடைத்தது. “சரி. நீயும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். மெஷின் சொல்லட்டும். யாருக்குக் கவனம் இருக்கு, யாருக்கு இல்லைன்னு அளக்கறதுக்கு ஒருத்தரை வரவழைக்கிறேன். தேறாதவங்க வீட்டுக்குப் போகலாம். ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் உன் நாத்தனாரையும் கூட்டிட்டு வா. இடது கை இருக்குல்ல?”

*

வந்தவர் வழுக்கைத் தலையும் மெல்லிய குரலுமாக இருந்தார். கையில் ஒரு பெட்டி. பெட்டியின் மேல் ஒரு பச்சை விளக்கு, அதற்குக் கீழே ஒரு பொத்தான். விளக்கு எரிந்ததும் பொத்தானை அமுக்கவேண்டும். எவ்வளவு சீக்கிரம் அமுக்குகிறார்கள் என்பதைப் பெட்டி அளந்துகொள்ளும். அவ்வளவுதான் பரீட்சை. முதலாளியின் அறையில், மேஜைக்கு முன்னால், ஒவ்வொருத்தியாக உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் கதவோரம் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நாத்தனார் கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்தபடி நின்றாள். இதில் தேறாவிட்டால் கை போனதும் அவள் குற்றம், வேலை போனதும் அவள் குற்றம். அது அவளுக்குத் தெரியும்.

முதலில் ரேடியோ.

“இதுல பாட்டு வராதுங்களா?” என்று கேட்டுவிட்டுப் பொத்தானில் விரலை வைத்தாள்.

விளக்கு எரிந்தது. அவளுடைய இரண்டு கையும் தோளுயரம் துள்ளி எழுந்தன. அங்கேயே ஒரு கணம் நின்றுவிட்டு, அவசரமாகக் கீழே வந்து பொத்தானை அமுக்கின.

கதவோரம் சிரிப்பு. ரேடியோவும் சிரித்தாள்.

“கையைத் தூக்கக்கூடாதும்மா. அமுக்கணும்” என்றார் பெட்டிக்காரர்.

“தெரியுதுங்க.”

மறுபடி விளக்கு. மறுபடி கை மேலே.

“தெரியுதுன்னீங்களே.”

“எனக்குத் தெரியுதுங்க. கைக்குத் தெரியல.”

அடுத்தவள் பொடிசு. வரிசையில் எல்லோரையும்விடக் குள்ளம், எல்லோரையும்விடப் பயந்த சுபாவம். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் கையும் எழுந்தது. அதற்கடுத்தவள் கையும். சிரிப்பு அதற்குள் நின்றுபோயிருந்தது. நெட்டையக்கா தந்திரமாக இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விளக்கு எரிந்தபோது பிடித்த கையும் பிடிபட்ட கையும் சேர்ந்தே மேலே போயின. ஏதாவது ஒன்று திடீரென்று வந்தால் கையை இரும்பிடமிருந்து எடு. இந்த ஒன்றைத்தான் அவர்கள் உடம்பு இத்தனை வருஷம் படித்திருந்தது. இரும்புக்குக் கையை நீட்டுகிற பாடம் அதில் இல்லை.

கடைசியாக நாத்தனார்.

இடது கையைப் பொத்தானில் வைத்தாள். கட்டுப்போட்ட வலது கை மடியில் கிடந்தது. விளக்கு எரிந்தது.

இடது கை எழுந்தது. மடியில் கிடந்த கட்டும் கூடவே எழுந்தது. இரண்டு கையும் தோளுயரத்தில் சரிசமமாக நின்றன. இல்லாத மூன்று விரலும் இருப்பதுபோல.

வலியில் அவள் முகம் சுருங்கியது. ஆனால் சத்தம் போடவில்லை. இடது கையை இறக்கிப் பொத்தானை அமுக்கினாள். “ரொம்ப லேட்டுங்களா?” என்று கேட்டாள்.

பெட்டிக்காரர் முதலாளியைப் பார்த்துத் தயக்கத்தோடு சொன்னார். “இவங்க தூக்கறதுல தாமதமே இல்லைங்க. நான் பாத்ததுல இவ்வளவு வேகமா யாரும் கையை எடுத்ததில்லை. என் பெட்டி அமுக்கறதை மட்டுந்தான் அளக்கும். அதுவும் இப்படி அமைதியான அறையில, ஒரே விளக்குக்கு. அங்க, அந்தச் சத்தத்துல, ஒரே வேலையை மணிக்கணக்கா செஞ்சா யாருக்கும் கவனம் தேய்ஞ்சு போகும். ஒண்ணைக் கவனிக்கும்போது இன்னொண்ணு வந்தா அது வரிசையில காத்துக்கிட்டு நிக்கணும். மூளை அவ்வளவுதான்.”

“ஒரு தராசு வச்ச கடை” என்றாள் ரேடியோ கதவோரத்திலிருந்து.

“நான் ஒருத்தன் நூறு பேருக்குப் பதில் சொல்றேன். என் கடையில எத்தனை தராசு?” என்றார் முதலாளி.

“அதான் முதலாளி ஒருத்தருக்கும் எடை சரியா வரலை.”

முதலாளி பெட்டிக்காரர் பக்கம் திரும்பினார். “நீங்க தூக்கறதை அளக்க வரலை. அமுக்கறதை அளக்க வந்தீங்க. அமுக்கறது லேட்டா, இல்லையா?”

பெட்டிக்காரர் பெட்டியைப் பார்த்தார். “லேட்டுதாங்க” என்று சொல்லிவிட்டு, அதை உறையில் போட்டு மூடினார். நாத்தனாரின் கையை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டால் மிச்சம் இருப்பது பெட்டி சொன்ன பேச்சுதான்.

“வரிசை மொத்தமும் மந்தம்” என்றார் முதலாளி. “கை போனது ஏன்னு இப்பப் புரியுதா? நாளையில இருந்து புது ஆளுங்க வராங்க. பக்கத்துல உக்கார வச்சு வேலை கத்துக்குடுங்க. அவங்க கத்துக்கிட்டதும் நீங்க கிளம்பலாம்.” நாத்தனாரைப் பார்க்காமல் சொன்னார். “நீ நாளையில இருந்தே வர வேண்டாம்.”

*

சாயங்காலம் கொட்டகைக்குப் பின்னால், எண்ணெய்க் கையைத் தேய்த்துக் கழுவும் குழாயடியில் ஏழு பேரும் நின்றார்கள். குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. யாரும் அவசரப்படவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்வதற்கு யாரிடமும் நல்ல சேதி இல்லை.

பொடிசுதான் ஆரம்பித்தாள். “எனக்கு மூணு பிள்ளைங்க. நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க. அவ கவனமில்லாம இருந்தான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, மத்தவங்களை விட்டுருவாரோ என்னமோ. போன கை போச்சு. அது நம்ம சொல்லால முளைக்கப் போகுதா?”

“நல்லா பேசற. உன் நாக்கையும் பிரஸ்ஸுல வச்சு அடிச்சா ரெண்டு மூடி தேறும்” என்றாள் ரேடியோ.

“பசின்னா நாக்கு அப்படித்தான் பேசும்.”

நாத்தனார் குழாய்க்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். “சொல்லிக்கங்க” என்றாள். “கடை காலியாத்தான் இருந்துச்சு. பொய்யா சொல்லப் போறீங்க?”

நெட்டையக்காவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் தொண்டையில் நின்றது இப்போது வெளியே வந்தது. “நான் பார்த்தேன்டி.”

“என்னத்தை?”

“உன் கடை காலியானதை. இமை நின்னுது, உதடு தொங்கிச்சு, எல்லாத்தையும் பார்த்தேன். என் கை அச்சுக்குள்ள இருந்துச்சு. எடுத்தேன். ஸ்பானரைத் தேடினேன். இல்லை. காலால உதைச்சேன்.” தன் செருப்பைக் காட்டினாள். அந்தச் செருப்பை அவளால் பார்க்கவும் முடியவில்லை, அதைத் தவிர வேறு செருப்பும் இல்லை. “சத்தம் வரலை.”

நாத்தனார் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம்.

“உதைச்சீங்களா” என்றாள்.

“உதைச்சேன்.”

“அப்ப யாரோ பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க.” அவள் குரல் உடைந்தது. “நான் யாருமே பாக்கலைன்னு நினைச்சேன் அண்ணி. அதுதான் கையைவிட வலிச்சுது.”

குழாயிலிருந்து நூல் விழுந்துகொண்டிருந்தது. பொடிசு தலைகுனிந்தபடி சொன்னாள். “எனக்கும் நேத்துக் காலி ஆச்சு. தகடு கையைக் கீறினதாலதான் முழிச்சேன்.” உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். கோடு இன்னும் காயவில்லை.

“எனக்கு இன்னைக்கு” என்றாள் இன்னொருத்தி.

“எனக்குத் தினமும்” என்றாள் ரேடியோ. முதல் தடவையாக அவள் சிரிக்காமல் பேசினாள். “நான் ஏன் ஓயாம பேசறேன்னு நினைக்கறீங்க? வாயை மூடினா கடை மூடிக்குது.”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாளை வரப்போகும் புதுப் பெண்களுக்குக் கண் என்று ஒன்று இருந்ததே தெரியாது. அவர்கள் கை இரும்பைத்தான் நம்பும்.

பொடிசு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்சம் முன்பு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்றவள் அவள்தான். அவளே கேட்டாள்.

“நாளைக்குக் கண் யாரு?”

கேட்டதிலேயே பாதி பதில் இருந்தது.

“நான்” என்றாள் நாத்தனார். “ஸ்பானர் பிடிக்க ஒரு கை போதும்.”

*

மறுநாளும் கொட்டகைக்குச் சூரியனுக்கு முன்னால் விடிந்தது. வாசலில் புதுப் பெண்கள் குளிரில் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றார்கள். அவர்களும் யாருடைய நாத்தனாரோ, யாருடைய அண்ணியோ. ரேடியோ துணியில் சுற்றி எதையோ குழந்தையைப்போல் தூக்கிவந்தாள். பிரித்தால், லாரி டயர் கழற்றுகிற ஸ்பானர். அவள் புருஷன் லாரியில் வேலை செய்தான்.

“இதால தட்டினா முதலாளி வீட்டுல பல்லு ஆடும்” என்று நாத்தனாரிடம் கொடுத்தாள்.

மேஸ்திரி வழிமறித்தார். “உனக்குத்தான் வேலை இல்லைன்னு சொல்லியாச்சேம்மா.”

“வேலை செய்ய வரலைண்ணே. நிக்க வந்தேன்.”

மேஸ்திரி அவள் கையில் போட்டிருந்த கட்டையும் பார்த்தார், ஸ்பானரையும் பார்த்தார். மோட்டாரில் ஏதோ சத்தம் சரியில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். மோட்டார் நன்றாகத்தான் ஓடியது.

ஆறு பேர் உட்கார்ந்தார்கள். நாத்தனார் சட்டத்தின் கோடியில், பழைய இடத்தில் நின்றாள். மூன்றாவது பிரஸ் காலியாக இருந்தது. அடி விழ ஆரம்பித்தது.

முதலாளி வந்தார். நிற்கிறவளைப் பார்த்தார். நெட்டையக்காவின் காதருகே குனிந்து கத்தினார்.

“இவளை யார் உள்ளே விட்டது?”

“நாங்கதான் முதலாளி” என்று கத்தியே பதில் சொன்னாள் நெட்டையக்கா, தகட்டை நகர்த்தியபடியே. “அவ நின்னாத்தான் நாங்க உக்காருவோம்.”

“நிக்கிறவளுக்கு என்னால சம்பளம் குடுக்க முடியாது.”

“கை போனவளுக்குக் குடுக்கறதைவிட அது குறைச்சல்தான். கணக்குப் போட்டுப் பாருங்க.”

“வெளியில பத்துப் பேர் நிக்கறாங்க. தெரியுமில்ல?”

“பாத்துட்டுத்தான் வந்தோம். பத்துப் பேருக்கும் பத்துப் பத்து விரல் இருக்கு.”

அவர் வாசலுக்குக் கைகாட்டினார். புதுப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். மூன்றாவது பிரஸ்ஸில் அவளை உட்காரச் சொன்னார். அச்சின் ஓரத்தில் துடைத்தும் போகாத ஒரு கறை இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், நிற்பவளின் கைக்கட்டைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். தகட்டை நீட்டினாள்.

நெட்டையக்கா வேலையைப் பார்த்தாள். சரியாகத் தூங்கி நாளாகிவிட்டது. தகடு, மிதி, மூடி. முதலாளி போலீசைக் கூப்பிடுவாரா, கதவை அடைப்பாரா. தகடு, மிதி. வீட்டில் புருஷனிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. தகடு. அந்தப் புதுப் பெண்ணின் கழுத்து நாத்தனார் கழுத்து மாதிரியே. மிதி. மூடி. மிதி.

இடது பாதத்தில் இடி இறங்கியது.

கைகள் தோளுயரத்தில் இருந்தன. எப்போது தூக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கண்ணுக்கு முன்னால் இரும்பு இறங்கி, அவள் விரல்கள் இருந்த இடத்தில், வெறும் தகட்டை அடித்துவிட்டு மேலே போனது. காலியானது தன் கடை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. திரும்பினாள். சட்டத்தின் கோடியில் நாத்தனார் இடது கையில் அந்தப் பெரிய ஸ்பானரோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வரிசையில் ஆறு பேரின் கையும் மேலே இருந்தது. கை தூக்கியது பழக்கம்; முடிவெடுக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. வழக்கமாக ஒரு மூச்சு விட்டுக் கையை இறக்கி வேலையைத் தொடர்வார்கள். நெட்டையக்கா இறக்கவில்லை. அவளைப் பார்த்து ரேடியோ இறக்கவில்லை. பொடிசின் கையும் இறங்கவில்லை. அது பழக்கம் இல்லை.

மூன்றாவது பிரஸ்ஸில் புதுப் பெண் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு மெதுவாக, யாரோ சொல்லிக்கொடுப்பதைப்போல, தன் கையைத் தகட்டிலிருந்து எடுத்துத் தூக்கினாள். எதிர் வரிசையில் எவளோ ஒரு பழைய அச்சுத் துண்டை எடுத்துத் தங்கள் சட்டத்தில் தட்டினாள். அங்கேயும் கைகள் எழுந்தன.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அடியும் விழவில்லை.

“கையை இறக்குங்க” என்றார் முதலாளி. அந்தக் கொட்டகையில் அவர் குரல் இவ்வளவு தெளிவாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. “எவ்வளவு நேரம் இப்படியே வச்சிருப்பீங்க? வலிச்சா தானா இறங்கும்.”

அது உண்மைதான். நெட்டையக்காவின் தோள் ஏற்கெனவே கனக்க ஆரம்பித்திருந்தது. பக்கத்திலிருந்து ரேடியோ தன் முழங்கையை அவள் முழங்கைக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள்.

நாத்தனார் ஸ்பானரைச் சட்டத்தின் மேல் சாய்த்து வைத்தாள். கட்டுப்போட்ட கையை மற்றவர்கள் கைகளுக்குச் சமமாக உயர்த்தினாள்.

“மத்தவங்களுக்கு வலிக்கும் முதலாளி” என்றாள். “என் கையில பாரம் கம்மி. நான் ரொம்ப நேரம் தூக்குவேன்.”